கட்டை திரும்பாவிட்டால் மூன்று புள்ளி ஒன்றாகிவிடுமா?

கேள்வி: பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் பலகையாட்டத்தில், முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் வெல்லும் போட்டியொன்றில் நான் 3 புள்ளியும் எதிராளி 5 புள்ளியும் எடுத்திருந்தோம். அடுத்த ஆட்டத்தில் என் 15 காய்களையும் நான் வெளியேற்றி முடித்தபோது அவர் ஒரு காயைக்கூட வெளியேற்றியிருக்கவில்லை. அவருடைய காய் ஒன்று என் உள்வீட்டிலேயே, அதாவது என் காய்கள் வெளியேறும் கடைசிக் கால் பகுதியிலேயே, நின்றது. ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கக் கேட்பவர் திருப்பும் இரட்டிப்புக் கட்டையை (எதிராளி ஏற்றால் மதிப்பு இரட்டிக்கும், மறுத்தால் அவர் ஆட்டத்தை இழப்பார்) யாரும் திருப்பாததால் எனக்கு ஒரு புள்ளிதான் என்று போட்டி நடத்தியவர் எழுதினார். அதற்கடுத்த ஆட்டத்தில் எதிராளி ஒரு புள்ளி வென்று 6ஐ எட்டினார். அதன் பிறகு நான் இரட்டிப்புக் கேட்டபோது, இந்த ஆட்டத்தில் கட்டையைத் தொடக் கூடாது என்று தடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தோடு 4க்கு 7 என்று தோற்றேன். இரண்டு முறையும் அவர் சொன்னது சரிதானா?

பதில்: முதலில் சொன்னது தவறு, இரண்டாவதாகச் சொன்னது சரி. முதல் தவறு நடக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது என்பதுதான் இதில் வருத்தமான பகுதி.

முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வென்றவர் தம் காய்களை எல்லாம் வெளியேற்றும் வேளையில் தோற்றவர் ஒரு காயையாவது வெளியேற்றியிருந்தால் அது சாதாரண வெற்றி, ஒரு மடங்கு. ஒன்றையும் வெளியேற்றவில்லை என்றால் அது கேமன்; இரண்டு மடங்கு. ஒன்றையும் வெளியேற்றாததோடு, அவருடைய காய் ஒன்று வெட்டுப்பட்ட காய்கள் காத்திருக்கும் நடுச்சட்டத்திலோ வென்றவரின் உள்வீட்டிலோ இன்னும் நின்றால் அது பேக்கேமன், மூன்று மடங்கு. இந்த மடங்கை இரட்டிப்புக் கட்டை காட்டும் மதிப்பால் பெருக்கினால் வருவதே புள்ளி. கட்டை நடுவில் யாரும் தொடாமல் இருக்கும்வரை அதன் மதிப்பு ஒன்று. கட்டையின் முகங்களில் 2, 4, 8, 16, 32, 64 என்ற எண்கள்தாம் உண்டு, ஒன்று என்ற எண் கிடையாது. அதனால் தொடக்கத்தில் 64 மேலே தெரியும்படி வைப்பதே பலருடைய வழக்கம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீங்கள் எடுத்தது பேக்கேமன், கட்டையின் மதிப்பு ஒன்று, ஆகவே உங்களுக்குச் சேர வேண்டியது 3 புள்ளி. போட்டிநிலை 6க்கு 5 என்று உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

கட்டை திரும்பாவிட்டால் கேமனும் பேக்கேமனும் ஒன்றாகவே எண்ணப்படும் என்று ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆஸ்வால்டு ஜேக்கபி என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் அதை ஜேக்கபி விதி என்பார்கள். ஆனால் அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம் வைத்து ஆடுவோர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் விதி. நல்ல நிலையில் இருப்பவர் கட்டையைத் திருப்பாமல் கேமனுக்காக ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போவதைத் தடுத்து, ஒன்று இரட்டிப்புக் கேள், இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியோடு போ என்று ஆட்டத்தை விரைவுபடுத்துவதே அதன் நோக்கம். இத்தனை புள்ளி என்று எல்லை வைத்து ஆடும் போட்டியில் அதற்கு இடமே இல்லை. அங்கே கட்டையை நடுவிலேயே விட்டுவிட்டுக் கேமனுக்கு முயல்வது நேர்மையான உத்தி. இரட்டிப்புக் கேட்டால் எதிராளி மறுத்துவிடுவார், மறுத்தால் கட்டையின் அப்போதைய மதிப்பு மட்டுமே, அதாவது ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று கணக்கிட்டுத்தான் தேர்ந்தவர்கள் பேசாமல் ஆடுகிறார்கள். நீங்கள் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, செய்தது சரியான காரியம். அதற்குத்தான் உங்களிடம் இரண்டு புள்ளி தண்டம் வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் சற்று நிதானம் வேண்டும், ஏனெனில் அரைகுறையாகப் புரிந்துகொண்டு இதே விதியைத் தவறாக நடத்துகிறவர்களை நான் சரியாக நடத்துகிறவர்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஜான் கிராஃபோர்டு என்பவரின் பெயரால் வழங்கும் இந்த விதி, போட்டியில் ஒருவர் வெற்றிக்கு ஒரே புள்ளி குறைவான நிலையை முதன்முதலாக எட்டியதும், அதற்கு அடுத்து வரும் ஓர் ஆட்டத்தில் மட்டும் இருவருமே கட்டையைத் தொடக் கூடாது என்கிறது. காரணம் எளிது. உங்கள் எதிராளிக்கு ஒரு புள்ளி போதும். அவர் ஒன்று வென்றாலும் எட்டு வென்றாலும் போட்டி முடிந்தது. ஆகவே பின்தங்கியிருக்கும் நீங்கள் இரட்டிப்புக் கேட்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, முதல் வாய்ப்பிலேயே கேட்டுவிடுவீர்கள். அப்படிக் கேட்டால் முன்னணியில் இருப்பவர் பாடுபட்டுச் சேர்த்த முன்னிலை கரைந்துபோகும். அவருக்கு ஓர் ஆட்டம் மூச்சுவிடும் இடம் கொடுக்கவே இந்தத் தடை.

ஓர் ஆட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் பின்தங்கியவர் வென்று, முன்னணியில் இருப்பவர் இன்னும் 6இலேயே நின்றாலும், அதற்கடுத்த ஆட்டத்தில் கட்டை மீண்டும் மேசைக்கு வந்துவிடும். பின்தங்கியவர் தமக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே அதைத் திருப்பலாம், பெரும்பாலும் திருப்பவும் வேண்டும். ‘அவர் 6இல் இருக்கும்வரை கட்டை கிடையாது’ என்று சொல்பவருக்கு விதி தெரியவில்லை என்று பொருள். பின்னர் மற்றவரும் 6ஐ எட்டினால் இன்னொரு கிராஃபோர்டு ஆட்டம் கிடையாது. ஒரு போட்டிக்கு ஒன்றுதான். ஒருவர் 5இலிருந்து நேரே 7க்குத் தாவிவிட்டால் அவர் பொருட்டு அது வரவே வராது. இன்னொன்று: தடுக்கப்படுவது கட்டை மட்டுமே, கேமனும் பேக்கேமனும் அல்ல. 4க்கு 6 என்ற நிலையில் நீங்கள் ஆடிய அந்த ஆட்டத்தில் கேமன் எடுத்திருந்தால் 6க்கு 6 ஆகியிருக்கும். பேக்கேமன் எடுத்திருந்தால் போட்டியே உங்களுடையது. அதை நடத்தியவர் மூன்றாகத்தான் எழுதியிருப்பாரா என்பது வேறு கேள்வி.

சரியான கணக்குப்படி பார்த்தால், 6க்கு 5 என்று முன்னணியில் இருந்திருக்க வேண்டியவர் நீங்கள்; அடுத்த ஆட்டத்தில் கட்டையைத் தொட முடியாதவராக இருந்திருக்க வேண்டியவர் உங்கள் எதிராளி. அந்த விதியின் பாதுகாப்பு உங்களுக்கு உரியது, அதை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதனால் நீங்கள் நிச்சயம் வென்றிருப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை; புள்ளிநிலை மாறினால் இருவரும் ஆடும் முறையும் மாறும், பகடை யாருக்கும் உறவில்லை.

இனி நடத்துபவர்களைப் பற்றி. பணயத்தைக் கையில் வைத்திருப்பவர், அதில் தமக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்பவர், புள்ளியை எழுதுபவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாக இருக்கும் மேசையில் உட்கார வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. உங்களுக்குத் தீர்ப்புச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னாரா, காதில் விழுந்ததைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மேசைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவருக்கு, மூன்று புள்ளியில் சுருங்க வேண்டிய போட்டி ஒவ்வொரு புள்ளியாக நீள்வதில் நட்டம் ஏதுமில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆடத் தொடங்கிய காலத்தில், தொடக்க உருட்டில் இருவருக்கும் ஒரே எண் விழுந்ததால் கட்டை தானாகவே 2க்குப் போய்விட்டது என்று, ஆட்டம் முடிந்து நான் தோற்ற பிறகு ஒரு மேசைக்காரர் அறிவித்தார். அது இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும் வழக்கம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரட்டிப்புப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். ‘எங்கள் இடத்து விதி’ என்ற சொற்றொடர் எப்போதும் ஆட்டத்துக்குப் பிறகுதான் முளைக்கிறது. முன்னால் முளைத்து நான் பார்த்ததில்லை.

அமைப்பு வைத்து நடத்துபவர்களும் இதற்குப் பொறுப்பாளிகளே. பகடை சாய்ந்து நின்றால் இரண்டையும் மறுபடி உருட்ட வேண்டும், குலுக்கும் குவளையிலிருந்து எந்தப் பக்கத்துப் பலகையில் போட வேண்டும் என்பதற்கெல்லாம் பத்தி பத்தியாக விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஜேக்கபி இல்லை, கிராஃபோர்டு உண்டு என்ற இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டத் தெரியாதா? ஆட்டச் செயலிகள் இன்னும் மோசம். இவ்விரு விதிகளையும் அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு பொத்தானாகப் புதைத்து வைத்துவிடுகின்றன, புதியவர் இரண்டும் ஒன்று என்றே எண்ணிக்கொள்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். போட்டி முடிந்து முடிவு எழுதப்பட்டுவிட்டதால் அதைத் திருப்ப முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. புள்ளிப் பிழையை அடுத்த ஆட்டத்தின் முதல் உருட்டுக்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டும். அடுத்த முறை உட்காரும்போது எத்தனை புள்ளிப் போட்டி, ஜேக்கபி உண்டா, கிராஃபோர்டு உண்டா, தானாகத் திரும்பும் கட்டை உண்டா என்ற நான்கையும் எதிராளியின் முன்னிலையில் கேட்டு, பதிலை உங்கள் புள்ளித்தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நடத்துபவர் எழுதுகிறாரே என்று விட்டுவிடாமல் நீங்களும் தனியே புள்ளி எழுதி, ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் எதிராளியின் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தகராறு வரும்போது கையில் தாள் இல்லாதவர் பேச்சு எடுபடுவதில்லை. பேக்கேமன் எடுத்தால் எதிராளியின் காய் உங்கள் உள்வீட்டில் நிற்பதை அவரே பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை பலகையைக் கலைக்க விடாதீர்கள். உங்கள் வழக்கில் காயின் நிலையை யாரும் மறுக்கவில்லை, அது நல்லது. பலர் அவசரத்தில் காய்களை வாரிவிட்டு, மூன்றை இரண்டாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.