பனிக்காலத்தில் காட்டுச் சாலை வழியாகக் காரில் போகலாமா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கிறது, பனி கொட்டும் குளிர்காலத்தில் காட்டுவழியாகச் சின்னச் சின்ன ஊர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 'ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது' என்ற இடத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

நாலு சக்கரமும் இழுப்பது வண்டியை நகர்த்தத்தான். நிறுத்துவது டயர். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே விறைக்க ஆரம்பித்துவிடும். பனிக்கு ஏற்ற டயர் என்றால் அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள், இப்படி ஒரு முத்திரை இருக்க வேண்டும். வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், அது டயரின் வெட்டு எப்படி என்று சொல்வதோடு சரி. எங்கள் வாடகை வண்டியில் அதுதான் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பாதை என் தப்பில்லை. பக்கத்து சீட்டில் மச்சினன். "மாமா, இந்தக் காட்டு ரோட்டில் திரும்பினால் நாற்பது நிமிஷம் மிச்சம்" என்று போனை நீட்டினான். பனி அள்ளும் வண்டி அந்தப் பக்கம் வருமா என்பது போனுக்கு எப்படித் தெரியும்? திரும்பினேன். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், மதியம் ஆகியும் வெயில் தரையைத் தொடவில்லை. வெளியே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி. மைனஸ் இருபதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உருகும் நிலையில் இருக்கும் ஐஸ்தான் அதைவிட வழுக்கும்.

ஒரு சின்னப் பாலம் வந்தது. பாலத்துக்கு மேலேயும் குளிர்காற்று, கீழேயும் குளிர்காற்று, அதனால் மற்ற சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும். பார்க்க வெறும் ஈரம் மாதிரிதான் இருந்தது. அதுவரை சரசரவென்று கேட்டுக்கொண்டிருந்த டயர் சத்தம் சட்டென்று அடங்கியது. அவ்வளவு அமைதி நல்லதில்லை என்று அப்போது தெரியாது. பிரேக்கை மிதித்தேன், காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. நிதானமாக, ஏதோ பார்க்கிங் செய்வதுபோல, ஓரத்துப் பள்ளத்தில் போய் இறங்கியது. வேகம் 40தான். '40-லுமா விழுந்தாய்' என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சிக்னல் இல்லை. நடந்தே ஊருக்குப் போகலாம் என்றான் மச்சினன். நான் விடவில்லை. அந்தக் குளிரில் வண்டியை விட்டு இறங்கி நடக்கவே கூடாது. ஆனால் புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தது. அப்படியே ஹீட்டர் போட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்திருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது. டப்பா மூடியால் தோண்டிக் குழாயைச் சுற்றி இடம் விட்டேன். மணிக்குப் பத்து நிமிஷம் எஞ்சின், ஜன்னல் ஒரு விரல் திறப்பு. எங்கள் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் உறைந்து, ஏடிஎம் கார்டால் சுரண்ட வேண்டியிருந்தது. ஐந்து மணி நேரம் கழித்து மரம் ஏற்றும் லாரி ஒன்று வந்தது. டிரைவர் சங்கிலி போட்டு இழுத்தார், டயரைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு கீறலைக் காட்டி டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தில் இறங்கியது இடது பக்கம், கீறல் வலது கதவில்! எடுக்கும்போதே சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மச்சினனோ இன்றைக்கும் உறவினர் நாலு பேர் கூடினால் "மாமா காரைப் பள்ளத்தில் விட்ட கதை" என்றுதான் ஆரம்பிக்கிறான். வழி காட்டியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சரி, உங்களுக்கு. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், சின்ன ஊர்களில் பங்க் சீக்கிரம் மூடிவிடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மண்வெட்டி, போர்வை, சக்கரம் வழுக்கினால் அடியில் போட ஒரு மூட்டை மணல். இருட்டும் நேரத்தில் ஒரு மான் குறுக்கே ஓடினால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே டார்ச் எடுத்துப்போய் டயரைப் பாருங்கள். அந்த முத்திரை சின்னதாகத்தான் இருக்கும்.