ஈட்டி மரத்தில் ஒரு டோன் ஆர்ம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி) பொருத்தியிருக்கிறேன். கார்ட்ரிட்ஜைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் அலுமினிய டோன் ஆர்முக்குப் பதிலாக ஈட்டி மரத்தில் கடைந்த ஆர்மைப் போட்டால் வீணை, வயலின் ஒலி இன்னும் இயல்பாக வரும் என்கிறார் நண்பர். தெரிந்த தச்சர் செய்து தரத் தயாராக இருக்கிறார். முயன்று பார்க்கலாமா?

பதில்: தாராளமாக முயலலாம். மர ஆர்ம் புதிதன்று. ஸ்டீரியோ தட்டுகளின் தொடக்க காலத்திலேயே நியூயார்க்கின் புரூக்ளினில் ஜோசப் கிராடோ வால்நட் மரத்தில் ஆர்ம் செய்தார். இன்று லிதுவேனியாவின் ரீட் நிறுவனம் பல வகை மரங்களில் செய்கிறது. வெறும் அலுமினியக் குழாயை நகத்தால் சுண்டினால் ‘ணங்’ என்ற ஒலி சற்று நேரம் நீளும். ஈட்டிக் குச்சியைச் சுண்டினால் ‘டொக்’ என்று உடனே அடங்கிவிடும். பள்ளத்தில் ஓடும் முள்ளின் அதிர்வில் ஒரு பகுதி கார்ட்ரிட்ஜின் உடல் வழியே ஆர்முக்குள் ஏறுகிறது என்பதாலும், அங்கே அடங்காத அதிர்வு திரும்பி வந்து இசையோடு கலக்கும் என்பதாலும், நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால், மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். முள்ளைத் தாங்கும் ரப்பரின் மேல் ஆர்மும் கார்ட்ரிட்ஜும், ஸ்பிரிங்கின் மேல் வைத்த எடையைப் போல, தமக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்கும் கீழே போனால் தட்டின் நெளிவும் நாம் நடக்கும் அதிர்வும் அதைத் தூண்டிவிடும், மிகவும் மேலே போனால் இசையின் அடித்தள ஒலிகளைத் தொடும். ஆர்மின் பயனுறு நிறை (முள்முனையில் உணரப்படும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (முள்ளைத் தாங்கும் ரப்பர் எவ்வளவு இளகும் என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். உங்கள் ஆர்ம் 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், திருகுகளோடு ஏறத்தாழ 20. கம்ப்ளையன்ஸும் 20. ஆகவே 400, அதன் வர்க்கமூலம் 20, விடை சுமார் 8 ஹெர்ட்ஸ். இப்போதே நீங்கள் கீழ் எல்லையில்தான் நிற்கிறீர்கள். 20 கிராம் பயனுறு நிறையுள்ள மர ஆர்ம் வந்தால் அது 6.7 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். எனவே தச்சரிடம் கேட்க வேண்டியது 12 கிராமைத் தாண்டாத ஆர்ம்.

இந்தப் பயனுறு நிறை தராசில் காணும் எடை அன்று. 10 மி.மீ. தடிமனில் 23 செ.மீ. நீளமுள்ள ஈட்டிக் குச்சி ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். சீரான குச்சியாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 கிராம்தான் முள்முனையில் உணரப்படும். கார்ட்ரிட்ஜ் அமரும் தலைப்பகுதியிலோ ஒவ்வொரு கிராமும் அநேகமாக முழுக் கிராமாகவே கணக்கில் சேரும். நான் செய்த முதல் ஆர்மில் அழகுக்காகத் தலையை அகலமாக விட்டிருந்தேன். சற்றே நெளிந்த தட்டை ஓட்டியபோது, 1.8 விநாடிக்கு ஒரு முறை, தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பீக்கரின் கூம்பு மூச்சு வாங்குவதைப் போல முன்னும் பின்னும் போய்வந்தது. உப்புத்தாளால் தலையில் 4 கிராம் தேய்த்தெடுத்த பின்னரே அந்தத் துடிப்பு தணிந்தது. அன்றுதான் வீணையின் கமகம் நடுங்காமல் கேட்டது. ஆகவே மரம் சுழல்முனையில் (ஆர்ம் திரும்பும் அச்சில்) தடித்தும் தலையை நோக்கி மெலிந்தும் வரட்டும். ஆர்மின் பின்பக்கம் அதைச் சமன்செய்யும் எதிர் எடை கனமாகவும் சுழல்முனைக்கு அருகிலும் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: பழைய ஆர்மைக் கழற்றவோ பிளேயரின் உடலைத் துளைக்கவோ வேண்டாம். கனமான உலோகக் கட்டை ஒன்றின் மேல் மர ஆர்மை நிறுத்தி, தட்டின் நடு அச்சிலிருந்து சுழல்முனை வரை 215 மி.மீ., சுழல்முனையிலிருந்து முள் வரை 230 மி.மீ. என்ற டெக்னிக்ஸின் அளவையே வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் ரப்பர் கால்கள் அசைந்தால் இந்த அளவு நிலைக்காது என்பதால், சோதனை முடியும் வரை பிளேயரையும் கட்டையையும் ஒரே பலகையில் அசையாமல் அமர்த்துங்கள். சுழல்முனையில் துளி ஆட்டம் இருந்தாலும் எந்த மரமும் உதவாது.

கேள்வி: மழைக்காலத்தில் மர ஆர்ம் நீண்டு அளவு மாறிவிடாதா?

பதில்: நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஈரத்தால் மரம் உப்புவது பெரும்பாலும் ரேகைக்குக் குறுக்கேதான். ரேகையின் போக்கில் மாற்றம் மிகச் சொற்பம். அஞ்ச வேண்டியது முறுக்கத்தை. ஆர்ம் சற்றே முறுக்கிக்கொண்டால் முள் ஒருபுறமாகச் சாய்ந்து, இடது, வலது ஒலிகள் ஒன்றில் ஒன்று கசியும். ரேகை நேராக ஓடும், பல ஆண்டுகள் உலர்ந்த பழைய மரத்தையே தேர்ந்தெடுத்து, உள்துளை உட்பட எல்லாப் பக்கமும் மெல்லிதாக அரக்கு மெருகு பூசச் சொல்லுங்கள்.

கேள்வி: மர ஆர்ம் பொருத்தியதிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வருகிறது. ஏன்?

பதில்: உலோகக் குழாய் எர்த்துடன் இணைந்து உள்ளே ஓடும் கம்பிகளுக்குக் கவசமாக இருந்தது, மரத்துக்கு அந்தத் திறன் இல்லை. கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் நான்கு கம்பிகளில் வெள்ளையை நீலத்தோடும், சிவப்பைப் பச்சையோடும் சேர்த்து முறுக்கி, உள்துளையில் மெல்லிய செப்புத்தகடு சுற்றி, அந்தத் தகட்டிலிருந்து ஒரு கம்பியை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் கட்டுங்கள். தகடு எந்த ஒலிக்கம்பியையும் தொடக் கூடாது.