ரோல்ஸ் ராய்ஸ் வாங்கலாம், முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 63. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். நெடுங்காலம் நடத்திய பலசரக்குக் கடையைச் சென்ற ஆண்டு விற்றுவிட்டேன். வரி, பாக்கி எல்லாம் தீர்த்த பிறகு வங்கியில் 62,000 பவுண்டு இருக்கிறது. வீட்டுக் கடனில் 14,000 பவுண்டு பாக்கி. மனைவி பகுதி நேர வேலைக்குப் போகிறார். கென்ட் பக்கம் ஒருவர் 1978ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ II சலூன் காரை 22,500 பவுண்டுக்கு விற்கிறார். 51,000 மைல்தான் ஓடியிருக்கிறது; ஆறு ஆண்டுகளாகக் கராஜில் நிற்கிறது. "நாற்பது வயது தாண்டிய கார். சாலை வரி இல்லை, எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனை இல்லை, லாபத்துக்கு வரி இல்லை. விலை ஏறுமே தவிர இறங்காது" என்கிறார். திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டால் ஒரு தடவைக்கு 450 பவுண்டு, ஆண்டுக்கு 20 திருமணம், இரண்டரை ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும் என்பது மருமகனின் கணக்கு. வாங்கலாமா?

பதில்: விற்பவர் சொன்னதில் வரி பற்றிய பகுதி ஏறக்குறைய உண்மை. விலை பற்றியது ஆசை. மருமகனின் யோசனையோ அந்த உண்மையான பகுதியையும் கெடுத்துவிடும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டப்பட்டு 40 ஆண்டு கடந்த கார்களுக்குப் பிரிட்டனில் 'ஹிஸ்டாரிக்' என்ற வரி வகுப்பு உண்டு. அதில் பதிவான காருக்குச் சாலை வரி கிடையாது. லண்டனில் 2023 ஆகஸ்டு முதல் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்துவிட்ட, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமான நாளுக்கு 12.50 பவுண்டும் கிடையாது. ஆனால் இந்தச் சலுகை சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டால் சாலை வரி விலக்கு போய்விடும். ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் யூலெஸ் விலக்கு நீடிப்பது 1973க்கு முன் கட்டிய வண்டிகளுக்கு மட்டும். உங்களுடையது 1978. ஆக, மணப்பெண்ணை ஏற்றப் போகும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. நகர மையத்துக்குள் போனால் நெரிசல் கட்டணம் தனி. அதில் பழைய காருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி வாடகைப் பயணத்துக்குச் செல்லாது. வாடகைக்கான காப்புறுதி வேறு, விலையும் வேறு. ஓட்டுநர் கூலி, பெட்ரோல், ஆண்டு வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமான வரிக் கணக்கு என்று அந்த 9,000 பவுண்டைப் பிய்த்துத் தின்னப் பலர் காத்திருக்கிறார்கள். அதைவிட, 20 திருமணம் எங்கிருந்து வரும்? நம்மவர்களின் முகூர்த்தங்கள் குறிப்பிட்ட சில வார இறுதிகளில் வந்து மோதும். ஒரே சனிக்கிழமை நான்கு வீட்டார் கேட்பார்கள். ஒருவருக்குத்தான் போக முடியும். இங்கே வெயில் அடித்து வாடகைத் தொழில் சூடு பிடிக்கும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை நமக்கு ஆடி மாதம். மார்கழியும் போயிற்று. நாதஸ்வரக்காரர் வந்து காத்திருக்க, மணப்பெண் எம்25 சாலையோரத்தில் பட்டுப்புடவையோடு நிற்கும் காட்சியை மருமகன் ஒருமுறை கற்பனை செய்து பார்க்கட்டும். ஆறு ஆண்டு நின்ற கார் என்று சொல்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

விலை ஏறுமா? சில்வர் ஷாடோ 1965இல் வந்தது. தனிச் சட்டகத்தின் மேல் கூண்டை ஏற்றாமல், உடலும் அடித்தளமும் ஒன்றாகக் கட்டப்பட்ட முதல் ரோல்ஸ் ராய்ஸ் அதுதான். 1977இல் II வந்தது. 1980 வாக்கில் உற்பத்தி முடிந்தது. கிரூ தொழிற்சாலையிலிருந்து இதுவும் இதன் உறவுக்கார மாடல்களும் சேர்ந்து ஏறத்தாழ 30,000 கார்கள் வெளிவந்தன. அந்த நிறுவனம் அதற்கு முன் எந்த மாடலையும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்ததில்லை. அரிய கார்தான் ஏலத்தில் எகிறும், இது அரிதல்ல. முழுமையாகச் சீர்படுத்த ஆகும் செலவு, சீர்படுத்திய காரின் விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் நல்ல தோற்றமுள்ள ஷாடோக்கள்கூட ஒரு சாதாரணப் புதிய காரின் விலைக்குக் கிடைக்கின்றன. விலை குறைவாக இருப்பது வாய்ப்பு அல்ல, எச்சரிக்கை.

மூலதன ஆதாய வரி இல்லை என்பது சரி. பிரிட்டனில் பயணிகள் கார் எதற்குமே அந்த வரி இல்லை. அதே விதியின் மறுபக்கத்தை விற்பவர் சொல்லியிருக்க மாட்டார்: நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. இந்தக் காரைப் பொறுத்தவரை உங்களைத் தொடப்போவது பெரும்பாலும் மறுபக்கம்தான்.

இனி, அந்த ஆறு ஆண்டு கராஜ் வாசம். இந்தக் காரின் பிரேக்கும், பின்பக்கத்தை மட்டமாக வைத்திருக்கும் சஸ்பென்ஷனும் உயர் அழுத்த ஹைட்ராலிக் முறையில் வேலை செய்கின்றன. அதன் அடிப்படைத் தொழில்நுட்பம் சிட்ரோயனிடம் உரிமம் பெற்றது. எஞ்சினில் உள்ள இரண்டு பம்புகள் திரவத்தை அழுத்த, நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் அந்த அழுத்தத்தைச் சேமித்து வைக்கும். ஓடாமல் நின்றால் ரப்பர் குழாய்களும் சீல்களும் இறுகிப்போகும். அதற்கென்று ஆர்ஆர்363 என்ற தனித் திரவம் உண்டு. பின்னால் வந்த மாடல்களுக்கான மினரல் எண்ணெயை யாராவது தெரியாமல் ஊற்றியிருந்தால் அத்தனை சீல்களும் பாழ். 51,000 மைல் என்பதைக் கேட்டு மகிழ வேண்டாம். 90,000 மைல் ஓடி, ஆண்டுதோறும் பட்டறை ரசீது வைத்திருக்கும் கார் இதைவிட மேல்.

ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சின் ஓடாமலே பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த உருண்டைகளின் காலம் முடிந்துவிட்டது. பின் சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழ் உள்ள பகுதியிலும் துருவையும், பூசி மறைத்த இடங்களையும் தேடுங்கள். எம்ஓடி கட்டாயம் இல்லையே தவிர, செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கார் ஓட்டத் தகுதியாக இருப்பதற்குச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையதுதான். விற்பவர் தன் செலவில் ஒரு புதிய எம்ஓடி எடுத்துத் தரட்டும். பழைய சோதனைகளின் விவரமும் மைல் கணக்கும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பெட்ரோலைப் பற்றி ஒரே வரி: 6.75 லிட்டர் வி8, ஒரு காலனுக்குப் பன்னிரண்டு மைல் அளவில்தான் கிடைக்கும். அதுவும் இ10 (எத்தனால் கலந்த சாதாரணப் பெட்ரோல்) அல்லாத விலை கூடிய பெட்ரோல்.

இப்போது உங்கள் பணம். 62,000இல் வீட்டுக் கடன் 14,000ஐ முதலில் அடையுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி 48,000. உங்கள் வயதுக்காரருக்கு அரச ஓய்வூதியம் 67இல்தான். இன்னும் நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். மனைவியின் சம்பளத்துக்கு மேல் வீட்டுச் செலவுக்கு மாதம் 1,000 பவுண்டு தேவைப்பட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது: உங்களிடம் கார் வாங்கும் பணம் இல்லை. மாதம் 500 போதும் என்றால் 24,000 மிஞ்சும். காரின் விலை 22,500. கையில் 1,500 பவுண்டோடு இந்தக் காரை வாங்குவது யானையைக் கட்டிவிட்டுத் தீனிக்குக் கடன் கேட்பது. முதல் இரண்டு ஆண்டுப் பழுதுகளுக்கென்று குறைந்தது 8,000 பவுண்டு ஒதுக்காமல் யாரையும் ஷாடோ வாங்க நான் விடுவதில்லை.

மாதச் செலவை நீங்கள் எழுதவில்லை. மேல்பணம் எதுவுமே தேவையில்லை, மனைவியின் சம்பளமே போதும் என்றால் என் பதில் மாறும். அப்போது வாங்குங்கள். கடையில் நின்று உழைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை தோல் இருக்கையில் உட்கார்ந்து வால்நட் மரப் பலகையைப் பார்த்தபடி ஓட்டும் ஆசை இருப்பதில் தவறேதும் இல்லை. அதைச் செலவு என்று எழுதுங்கள், முதலீடு என்று எழுதாதீர்கள். காப்புறுதியை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள். இல்லையென்றால் விபத்துக்குப் பின் கம்பெனி சொல்வதுதான் விலை.

வாங்குவதானால் காகிதங்களைப் பாருங்கள். வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் பதிவான பராமரிப்பாளரின் பெயர்தான், உரிமைக்குச் சான்று அல்ல. வாங்கிய ரசீதைக் கேளுங்கள், காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று சோதியுங்கள். நார்த்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரியில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் ஹண்ட் ஹவுஸில் இந்தக் கார்களின் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. அசல் நிறம் முதற்கொண்டு அங்கே ஒப்பிடலாம். தனியாரிடம் வாங்கினால், வணிகரிடம் வாங்குபவருக்குப் பழுது இருந்தால் சட்டம் தரும் 30 நாள் திருப்பித் தரும் உரிமை உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே ஷாடோவைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். மெக்கானிக் வருகிறார் என்றதும் விற்பவர் நாள் கடத்தினால், 5,000 குறைத்தாலும் வேண்டாம்.

மருமகனுக்கு வாடகைத் தொழிலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அவர் தன் பணத்தில், தன் பெயரில் ஒரு காரை வாங்கித் தொடங்கட்டும்.