சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வு: பெற்றோர் கேட்கிறார்கள்

உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கிவருகிறது, பிள்ளைகளை ராணுவப் பணிக்குத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளி. இதிலும் பிற மாநிலங்களில் உள்ள சைனிக் பள்ளிகளிலும் ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில் சேர அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தேசியத் தேர்வு முகமை இதை நடத்துகிறது. இது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இங்கே.

மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. இந்த வருடமே எழுத வைக்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா?
- ஒரு தாய், தேனி

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு வயது 10-க்குக் குறையவும் கூடாது, 12-ஐத் தாண்டவும் கூடாது. 2027-இல் சேர்வதானால் 2015 ஏப்ரல் 1 முதல் 2017 மார்ச் 31 வரை பிறந்தவர்கள் எழுதலாம். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் சலுகை கிடையாது. இடையில் இரண்டு ஆண்டு இருப்பதால் பல பிள்ளைகளுக்கு இரண்டு வாய்ப்பு அமையும்: ஐந்தாம் வகுப்பில் ஒரு முறை, ஆறாம் வகுப்பில் இன்னொரு முறை. இரண்டாவது முறை தேறினால் ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்க வேண்டிவரும். அதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று இப்போதே பேசிவிடுங்கள். வயது இடம் கொடுத்தால் இந்த ஆண்டே எழுத வையுங்கள். தேர்வுக்கூடம், நேரம், விடைத்தாள் மூன்றும் பழகிவிடும்.

அறிவிப்புக்காகக் காத்திருந்து ஏமாறாதீர்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-இல் ஜனவரியில் நடந்த தேர்வு, 2025-இல் ஏப்ரலுக்குப் போனது. செப்டம்பரிலிருந்தே முகமையின் இணையதளத்தை வாரம் ஒரு முறை பார்த்துவாருங்கள்.

எங்களிடம் பி.சி. சாதிச் சான்று இருக்கிறது. ஓ.பி.சி. இடத்துக்கு அது போதும்தானே?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

போதாது. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்று மாநில வேலைகளுக்கும் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியது. சைனிக் பள்ளியின் 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது, அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வளமான பிரிவைத் தீர்மானிக்கும் 8 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் தகுதி இருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கும் குடும்பங்கள் உண்டு.

இருப்பிடச் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு சைனிக் பள்ளியிலும் 67 சதவீத இடம் அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, மீதி 33 சதவீதம் பிற மாநிலத்தவருக்கு.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல்: இனிஷியல். பிறப்புச் சான்றில் பெயர் மட்டும் இருக்கும், ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், சாதிச் சான்றில் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயரே விரிந்து கிடக்கும். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இவை எல்லாவற்றிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய சில நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் ஆதார் திருத்தம் முடியும் என்று நம்பி இருக்க முடியாது.

பள்ளியில் கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண். மாடல் டெஸ்ட் வைத்தால் பாதிகூட வருவதில்லை. ஏன்?
- ஒரு தந்தை, பொள்ளாச்சி

தாளின் அமைப்பைப் பாருங்கள். ஆறாம் வகுப்புத் தேர்வு மொத்தம் 300 மதிப்பெண், 125 கேள்வி, 150 நிமிடம். கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்வி, 2 மதிப்பெண் வீதம் 50. ஆக, தாளில் பாதி கணக்கு.

பள்ளியில் முதலாக வரும் பிள்ளை இங்கே தடுமாற மூன்று காரணங்கள். ஒன்று, பாடத்திட்டம். சதவீதம், தனிவட்டி, லாப நஷ்டம், விகிதம், வேகம், கன அளவு எல்லாம் இந்தத் தேர்வில் உண்டு. நம் மாநிலப் பாடநூலில் இவற்றில் பல ஆறாம், ஏழாம் வகுப்பில்தான் வருகின்றன. பிள்ளை மறந்துவிடவில்லை, படிக்கவே இல்லை. ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை வாங்கி அந்த அத்தியாயங்களை மட்டும் எடுத்து நடத்துங்கள். தடிமனான கைடுக்கு முன்னால் இதுதான் வேண்டும்.

இரண்டாவது, தவறான விடைகளும் கணக்குப் போட்டே வைக்கப்படுகின்றன. 'மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில் 10 விநாடியில் ஒரு கம்பத்தைக் கடந்தால் அதன் நீளம் என்ன?' அவசரப்படும் பிள்ளை 54-ஐ 10-ஆல் பெருக்கி 540 என்பான். அந்த 540 விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தன் விடை கண்ணில் பட்டதும் சந்தேகமே வராது. 54-ஐ 5/18-ஆல் பெருக்கி விநாடிக்கு 15 மீட்டர் ஆக்கிய பிறகுதான் 150 மீட்டர் வரும். இப்படித்தான் சராசரியும்: ஐந்து எண்களின் சராசரி 24, ஒன்றை எடுத்துவிட்டால் மீதி நான்கின் சராசரி 22, எடுத்த எண் எது? இரண்டு சராசரிகளையும் கழித்து 2 என்று எழுதுகிறார்கள். மொத்தத்துக்குப் போக வேண்டும்: 120-இல் 88 போனால் 32. பிழையான கணக்குகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, சரியான வழியோடு 'எந்த இடத்தில் வழுக்கினேன்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அலகு மாற்றமா, கேள்வியைப் பாதி படித்ததா, வாய்ப்பாடா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். வாய்ப்பாடு என்றால் வெட்கப்படாமல் வாய்ப்பாட்டுக்கே போங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு 13, 17, 19 தடுமாறும்.

மூன்றாவது, நேரம். மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றுக்குமான 75 கேள்விகளை 50 நிமிடத்தில் முடித்தால் கணக்குக்கு 90 நிமிடமும் சரிபார்க்க 10 நிமிடமும் கிடைக்கும். கணக்கையும் இரண்டு சுற்றாகப் போடட்டும். படித்தவுடன் வழி தெரிகிற கணக்குகள் முதல் சுற்றில், யோசிக்க வேண்டியவை அடுத்த சுற்றில். ஒரே கணக்கில் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவது பள்ளிப் பரீட்சையில் நல்ல குணம், இங்கே நஷ்டம்.

விடைத்தாளில் வட்டம் நிரப்புவதில் குழப்பம் வருகிறது. வீட்டில் எப்படிப் பழக்குவது?
- ஒரு வாசகி, கரூர்

பென்சிலில் எழுதி அழித்துப் பழகிய பத்து வயதுப் பிள்ளையிடம் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து, நிரப்பியதை மாற்றக் கூடாது என்கிறோம். குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? பெரிய ஆபத்து வரிசை நழுவுவது. 17-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 18-இன் விடையை 17-இன் வட்டத்தில் நிரப்பிவிடுவார்கள். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே ஒரு படி தள்ளிப்போகும்.

ஓ.எம்.ஆர். தாள் மாதிரியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, தினசரிப் பயிற்சி எதுவானாலும் விடையை அதில்தான் குறிக்க வேண்டும் என்று ஆக்குங்கள். நிரப்புமுன் கேள்வி எண்ணை உதட்டளவில் சொல்லிப் பார்க்கட்டும். ஒவ்வொரு ஐந்து கேள்விக்கும் ஒரு முறை இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்க்கட்டும். விட்ட கேள்வியைக் கேள்வித்தாளில் வட்டமிட வேண்டும், விடைத்தாளில் எந்த அடையாளமும் கூடாது. 'எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம்' என்று சில இடங்களில் சொல்லித்தருகிறார்கள். பெரியவர்களுக்கே அது ஆகாது.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதனால் ஒரு வட்டமும் காலியாக வரக் கூடாது. தெரியாத கேள்விகளுக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பச் சொல்லுங்கள். 'தெரியாததை எழுதாதே' என்று நேர்மையாக வளர்த்த பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகவே சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை எழுதலாமா?
- ஓர் ஆசிரியை, மணப்பாறை

ஆறாம் வகுப்புக்குத் தாராளமாக. 13 மொழிகளில் தமிழும் உண்டு. விண்ணப்பத்தில் தேர்ந்தெடுத்த மொழியிலேயே தாள் வரும். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். சேர்ந்த பிறகு பாடம் சி.பி.எஸ்.இ., ஆங்கில வழி. ஆகவே தேர்வு முடிந்த கையோடு ஆங்கில வாசிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

300-க்கு 140 வாங்கினான். தகுதி என்று வந்தும் இடம் கிடைக்கவில்லை. எங்கே தவறு?
- ஒரு தந்தை, விருதுநகர்

தவறு எங்கும் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம், அதாவது 120 எடுத்தால் தகுதி. அது வாசற்படி மட்டுமே. இடம் தரவரிசைப்படி, பிரிவுவாரியாக நிரம்புகிறது. தகுதி மதிப்பெண், இடம் கிடைக்கத் தேவையானதைவிட மிகக் குறைவாக இருக்கும்போது 'தகுதி பெற்றார்' என்ற சொல் வீணான நம்பிக்கை கொடுத்துவிடுகிறது. பயிற்சியில் 120-ஐக் குறியாக வைக்காதீர்கள், 200-க்கு மேல் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பை நிறுத்திவிட்டு விடுதியோடு கூடிய கோச்சிங் சென்டரில் ஒரு வருடம் சேர்க்கச் சொல்கிறார்கள். பணம் புரட்டிவிட்டோம். சேர்க்கலாமா?
- ஒரு தாய், ராஜபாளையம்

பணத்தைக் கட்டுமுன் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எழுத்துத் தேர்வில் தேறி, இடம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை உண்டு. பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, பல், முழங்கால் உரசல், தட்டைப் பாதம் எல்லாம் பார்ப்பார்கள். காதில் அழுக்கு, சொத்தைப் பல் போன்றவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம். நிறக்குருடு சரியாகாது, பத்து வயது வரை வீட்டில் தெரியாமலே போவதும் உண்டு. புள்ளிப் படப் புத்தகத்தை வைத்துச் செய்யும் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். இதைச் செய்யாமல் ஒரு வருடப் படிப்பையும் சேமிப்பையும் பணயம் வைப்பது சரியல்ல.

அது சரியாக இருந்தாலும், பள்ளியை நிறுத்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தினம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு மாடல் டெஸ்ட், மறுநாள் அதன் பிழைகள் என்று எட்டு மாதம் போனால் இந்தப் பாடத்திட்டம் முடியும். சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால், போன வருடம் தேறியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். எழுதியவர்கள் எத்தனை பேர், மருத்துவப் பரிசோதனை தாண்டி உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வரும்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். மொத்த இடத்தில் 10 சதவீதம் அல்லது 10 இடம், இதில் எது அதிகமோ அது. தாள் ஒன்றுதான்.

டேராடூன் ராணுவக் கல்லூரித் தேர்வுக்கும் இதே தயாரிப்பு போதுமா?
- ஒரு முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

போதாது. பெயரில் கல்லூரி என்றாலும் அதுவும் பள்ளிதான், எட்டாம் வகுப்புச் சேர்க்கை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. தமிழ்நாட்டுக்கான அறிவிப்பை டி.என்.பி.எஸ்.சி. வெளியிடுகிறது. கணக்கு 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75, பிறகு நேர்முகம் 50. வட்டம் நிரப்புவது அல்ல, வழிமுறையோடு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பயிற்சியைத் தனியாகத் தொடங்குங்கள்.

ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது. இப்போதைய பள்ளியில் டி.சி. வாங்கிவிடலாமா?
- ஒரு தந்தை, தருமபுரி

வேண்டாம். ரிசல்ட்டுக்குப் பிறகு இ-கவுன்சிலிங்கில் தனியாகப் பதிவு செய்து, பள்ளிகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் நல்ல மதிப்பெண்ணும் பயன்படாது. இடம் சுற்றுச் சுற்றாக ஒதுக்கப்படும், பிறகு மருத்துவப் பரிசோதனை, அசல் சான்றுகள் சரிபார்ப்பு. விருப்பப் பட்டியலில் தனியாருடன் கூட்டாகத் தொடங்கிய புதிய சைனிக் பள்ளிகளும் வரும். அவற்றின் கட்டணம் பள்ளிக்குப் பள்ளி வேறு, பார்த்துவிட்டுச் சேருங்கள். எல்லாம் முடிந்து சேர்க்கை உறுதியான பிறகு டி.சி. வாங்கினால் போதும். அதுவரை ஜூனில் பள்ளி திறந்தால் பழைய பள்ளிக்கே போகட்டும்.