காபி டம்ளர் இல்லை, போல்ட் துலக்கும் டம்ளர்

கேள்வி (சேலம் வாசகர்): பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றை முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். மூன்று பிஸ்கட் டின் நிறைய போல்ட், நட்டு, வாஷர். கம்பி பிரஷ் பிடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இணையத்தில் 5 பவுண்டு, 18 பவுண்டு என்று வைப்ரேட்டர் டம்ளர்கள் (போல்ட்டை அதிரவைத்துத் துலக்கும் மெஷின்கள்) விற்கிறார்கள். நகைப் பட்டறை நண்பர் தன் காந்த பாலிஷ் மெஷினைத் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: நண்பரின் மெஷினை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதன் அடியில் சுழலும் காந்தம், கிண்ணத்திலுள்ள மெல்லிய ஸ்டீல் ஊசிகளைச் சுழற்றுகிறது. தங்கம், வெள்ளி, பித்தளைக்குச் சரி. இரும்பு போல்ட்டைப் போட்டால் அதையும் காந்தம் இழுக்கும். அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் காரின் பித்தளை யூனியன், தொப்பி நட்டு போன்றவற்றுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் ஜெட்டைப் போடாதீர்கள். ஊசி உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

ஹெரால்டில் சேஸிஸ் தனி. பாடியின் பகுதிகளே ஒன்றோடொன்று போல்ட்டால் பூட்டியவை. அதனால்தான் இத்தனை டின். அவையும் பெரும்பாலும் யுஎன்எஃப் மரை, அதாவது அங்குலக் கணக்கில் வெட்டிய நெருக்கமான மரை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் சேராது. 5/16 அங்குல போல்ட்டும் எம்8 (8 மி.மீ.) போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் மரைக்கு மரை 1.25 மி.மீ. மாற்றி முடுக்கினால் நட்டு போய்விடும். ஆகவே பழையதைத் துலக்கி வைத்துக்கொள்வது வீண் வேலை இல்லை.

இனி மெஷின். உருளும் பீப்பாய் விலை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் உருப்படிகள் மேலிருந்து சரிந்து ஒன்றன்மேல் ஒன்று மோதும். மரையின் நுனி நசுங்கும். நின்றால்தான் உள்ளே பார்க்க முடியும். வைப்ரேட்டரில் கிண்ணம் ஸ்பிரிங்மேல் அதிர்கிறது. கல்லும் (துலக்குவதற்காகப் போடும் சின்னத் துண்டுகள்) போல்ட்டும் சேர்ந்து மெதுவாகப் புரளும். ஓடும்போதே மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். மரை உள்ள சாமானுக்கு வைப்ரேட்டரே நல்லது.

பவுண்டுக் கணக்கில் ஏமாற வேண்டாம். அது கல்லும் உருப்படியும் சேர்ந்த எடை. எடையில் மூன்று பங்கு கல்லுக்கு ஒரு பங்கு போல்ட் என்று வைத்தால், 5 பவுண்டு கிண்ணத்தில் போல்ட்டுக்குக் கிடைப்பது அரை கிலோ சொச்சம். 5/16 அளவில் ஓர் அங்குல நீள போல்ட் சுமார் 15 கிராம். ஒரு தடவைக்கு 35 போல்ட், அவ்வளவுதான். 18 பவுண்டில் இரண்டு கிலோ, அதாவது 130 வரை போகும். மூன்று டின்னுக்கு 18 பவுண்டே வாங்குங்கள். சின்னதை வாங்கி அளவுக்கு மீறித் திணித்தால் கல் புரளாது, மோட்டார்தான் சூடேறும்.

மெஷின் வெறும் குலுக்கி; துலக்குவது கல். மெஷினோடு இலவசமாக வரும் வால்நட் ஓட்டுத் தூள், சோளக்கட்டைத் தூள் இரண்டும் பளபளப்புக்கு மட்டும், துருவை அசைக்காது. உங்களுக்குத் தேவை 10 மி.மீ. செராமிக் முக்கோணம், சுமார் 6 கிலோ. 5/16 நட்டின் துளை ஏறக்குறைய 7 மி.மீ. அதற்குள் இரண்டு கல் ஒரே நேரத்தில் நுழையும் அளவாக இருந்தால் ஒன்றையொன்று நெருக்கி ஆப்பு வைத்தாற்போல் மாட்டும். துளையைவிடப் பெரிய கல், அல்லது துளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய கல், நடுவில் வேண்டாம். பெரிய கல் நட்டின் உள்மரையைத் தொடாது என்பதால், கடைசியில் 5/16 யுஎன்எஃப் டேப்பை (உள்மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டுக் கையால் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். புதுக் கல்லின் விளிம்பு கூராக இருக்கும். உருப்படி இல்லாமல் தண்ணீரும் சோப்பும் விட்டு மூன்று நான்கு மணி நேரம் ஓட்டி மழுக்கிய பிறகே போல்ட்டைப் போடுங்கள்.

தடித்த துருவை டம்ளரிடம் விடாதீர்கள். அது போகும் வரை ஓட்டினால் மரையும் சேர்ந்து போகும். கிரீஸை டீசலில் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து நான்கு மணி நேரம் ஊறப்போட்டு, அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஈரத்தோடு டம்ளருக்கு மாற்றுங்கள். கல் நனைந்து மினுங்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். நுரை பொங்கினால் அது மெத்தையாகி உரசலைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு போல்ட்டை எடுத்து நட்டை மாட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் நிறுத்திவிடுங்கள். ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஸ்பிரிங் வாஷர், ஸ்பிலிட் பின், நைலான் நட்டு எல்லாம் குப்பைக்கு, புதிது போடுங்கள். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை அமிலத்தில் போடவே கூடாது. வலுக் கூடிய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி, பிறகு சுமையில் படாரென்று முறியலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): முதல் இரண்டு தடவை நன்றாக வந்தது. இப்போது எட்டு மணி நேரம் ஓட்டினாலும் போல்ட் கறுப்பாக, பிசுபிசுப்பாகவே வருகிறது. கல்லும் வழுவழு என்று இருக்கிறது. கல் தேய்ந்துவிட்டதா?

பதில்: தேயவில்லை, பூசிக்கொண்டது. கிரீஸும் துருத்தூளும் குழம்பாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிட்டன. கல்லைச் சல்லடையில் கொட்டி வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை. பிறகு போல்ட் இல்லாமல் சோப்புத் தண்ணீரில் அரை மணி ஓட்டுங்கள். இனிமேல் கிரீஸ் கழுவாத எதையும் உள்ளே விடாதீர்கள். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். பழைய பெயின்ட்டின் ஈயம் அதில் இருக்கலாம். பழைய போல்ட்டில் கேட்மியம் பூச்சும் இருக்கலாம் என்பதால் உலர்வாக ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

கேள்வி (திருச்சி வாசகர்): அமெரிக்காவிலிருந்து மைத்துனர் 110 வோல்ட் டம்ளர் கொண்டுவந்தார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் சோம்பலாகவே அதிர்கிறது. மோட்டாரும் கொதிக்கிறது.

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60, இங்கே 50. மோட்டாரின் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். அதிர்வு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 100 இருந்த இடத்தில் சுமார் 69தான் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாருக்கு 50-ல் முழு 110 வோல்ட் கொடுத்தால் அதன் இரும்புக்கரு காந்தத்தால் நிறைவுற்றுச் சூடேறும். வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் 90 வோல்ட் சுமாருக்கு இறக்குங்கள்; சூடு குறையும், வேகம் கூடாது. சுமையைப் பாதியாக்கி, அரை மணிக்கு ஒரு முறை ஓய்வு கொடுங்கள். அந்த மோட்டார் போனால் அதே அளவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் மாட்டிவிடலாம்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): இருபது லிட்டர் பெயின்ட் டப்பாவில் நானே பீப்பாய் செய்கிறேன். வேகம் எவ்வளவு? கழுவிய போல்ட் மறுநாளே செம்மண் நிறமாகிறது, என்ன செய்ய?

பதில்: 42.3-ஐ விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுங்கள், விட்டம் மீட்டரில். 28 செ.மீ. டப்பாவுக்கு நிமிடத்துக்கு 80 சுற்று வரும். அந்த வேகத்தில் எல்லாம் சுவரோடு ஒட்டிச் சுற்றும், உரசலே இருக்காது. அதில் பாதி, நிமிடத்துக்கு 40 சுற்று வையுங்கள். டப்பாவைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் மோதல்தான் மிஞ்சும். உள்சுவரில் நீளவாக்கில் மூன்று மரச்சட்டம் திருகினால் சறுக்காது. ஈரமான பிளேன் வாஷர்கள் அப்பளக் கட்டுபோல ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பக்கம் துலங்காது. போல்ட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள்.

உங்கள் ஊர் உப்புக் காற்றில் மறுநாள் வரை போல்ட் காத்திருக்காது. டம்ளரிலிருந்து எடுத்த கையோடு கொதிநீரில் முக்குங்கள், சூட்டிலேயே ஈரம் காயும். மிச்ச ஈரத்துக்கு உலர்ந்த மரத்தூளில் போட்டுப் புரட்டிச் சலித்து, உடனே எண்ணெயில் போடுங்கள். ஜிங்க் பிளேட்டிங்குக்குக் கொடுப்பதானால் பிளேட்டிங்காரரின் நாளைக் கேட்டுக்கொண்டு அதற்கு முந்தின இரவு டம்ளரை ஓட்டுங்கள்.