வாசகர் கேள்வி பதில்: வாக்கு கேட்டு ஒலிக்கும் கைப்பேசி

கேள்வி: தேர்தல் நெருங்கிவிட்டால் கட்சிகளிடமிருந்து நாள்தோறும் எனக்கு அழைப்பு வருகிறது. எடுத்தால் பதிவு செய்யப்பட்ட குரல்தான் பேசுகிறது. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்தும் பயனில்லை. அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில், தெரியாத எண் என்று ஒதுக்கவும் முடியாமல் ஒவ்வொரு முறையும் பதறிப்போய் எடுத்தேன். என் எண் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? இதைத் தடுக்க வழியே இல்லையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. நீங்கள் 1909 என்ற எண்ணில் செய்த பதிவு ஏன் உதவவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள், பொருளையோ சேவையையோ தொழில் வாய்ப்பையோ விளம்பரப்படுத்தும் வணிக அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. வீட்டுமனை விற்பவரும் கடன் அட்டை விற்பவரும் அந்த வரையறைக்குள் அடங்குவார்கள். வாக்கு கேட்பவர் அதற்குள் அடங்கமாட்டார். வேண்டாம் என்று எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்ட குடிமகனிடம் வியாபாரி பேசக் கூடாது, கட்சி மட்டும் பேசலாம் என்ற இந்த நிலை எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

எண் எப்படிக் கிடைத்தது என்பதே உங்கள் கேள்விகளில் முக்கியமானது. எல்லோர் பார்வைக்கும் வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவை இருக்குமே தவிர, கைப்பேசி எண் இருக்காது. அப்படியென்றால் அது வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். எப்போதோ கொடுத்த மிஸ்டு கால், தெருமுனையில் கையெழுத்திட்ட மனு, முகாமில் நிரப்பிய படிவம், கடையில் பில் போடும்போது சொன்ன எண் என்று வழிகள் பல. நாம் ஒரு காரியத்துக்காகக் கொடுத்த எண்ணை, நம்மைக் கேட்காமலேயே இன்னொரு காரியத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இது நீதிமன்றம் வரை போன விவகாரம். 2021 புதுச்சேரித் தேர்தலின்போது, ஆதாருடன் இணைக்கப்பட்ட எண்களைப் பயன்படுத்தி பாரதிய ஜனதா கட்சி வாக்காளர்களை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கட்சி அதை மறுத்தது. தொண்டர்கள் நேரில் திரட்டிய எண்கள் என்றது. நீதிமன்றம் ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. 2025 ஜூலையில், திமுகவின் 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் மக்களிடமிருந்து ஓடிபி (கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்) பெறுவதற்கு அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தப் பசி ஒன்றுதான் என்பதால்தான் இரண்டையும் சொல்கிறேன்.

தடுக்கும் வழி குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். மொத்தமாக அனுப்பப்படும் குறுஞ்செய்திகளும் குரல் பதிவுகளும் ஒலிபரப்பாகும் முன்பே தேர்தல் விளம்பரங்களைச் சரிபார்க்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. அவற்றின் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தொலைபேசிப் பிரச்சாரம் கூடாது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அரசியல் குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பவும் தடை உண்டு. எனவே அழைப்பு வந்த எண், நாள், நேரம், யார் பெயரில் பேசினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலோ, தேர்தல் விதிமீறல்களைப் புகார் செய்வதற்கான சி-விஜில் செயலியிலோ, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு எழுத்திலோ புகார் கொடுங்கள். 'தொந்தரவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கிவிடும். 'இந்த ஒலிப்பதிவுக்குச் சான்று பெறப்பட்டதா, இதன் செலவு யார் கணக்கில் காட்டப்பட்டது' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் ஆகும். அதுவரை இந்த உரிமையை நம்பி இருக்க முடியாது.

கேள்வி: 'இந்தச் சின்னத்துக்கு என்றால் ஒன்றை அழுத்துங்கள், அந்தச் சின்னத்துக்கு என்றால் இரண்டை அழுத்துங்கள்' என்று கருத்துக் கணிப்பு போலக் கேட்கிறார்கள். அழுத்தினால் கெடுதல் உண்டா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: அழுத்தாதீர்கள். உங்கள் எண்ணுக்கு நேரே உங்கள் விருப்பம் பதிவாகிவிடும். அந்தப் பட்டியல் பிறகு யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. யாருக்கு வாக்களித்தார் என்று எந்த வாக்காளரையும் சொல்ல வைக்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு. நீதிமன்றமே கேட்க முடியாததை ஓர் இயந்திரத்துக்கு நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

குரலையும் நம்பிவிட வேண்டாம். 2004-இல் வாஜ்பாயின் குரல் நாடு முழுவதும் தொலைபேசியில் ஒலித்தபோது, அது அவரே பேசிப் பதிவு செய்ததாக இருந்தது. இப்போது தலைவர் வாயே திறக்காமல் அவர் குரலை உருவாக்கிவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவால் உருவான ஒலிப்பதிவு என்றால், அதன் முதல் 10 விழுக்காட்டு நேரத்துக்குள் அதை அறிவித்துவிட வேண்டும் என்று 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய கட்சியின் பூத் கமிட்டியில் இருக்கிறேன். பணம் உள்ளவர்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கிறார்கள். எங்களுக்குத் தொலைபேசிதான் உண்டு. அதையும் தவறு என்பீர்களா?
- வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் சொல்லும் நெருக்கடி உண்மையானது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் பெயரையும் ஊரையும் சொல்லி, 'இரண்டு நிமிடம் பேசலாமா, அண்ணா?' என்று கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் மறுத்தால் வணக்கம் சொல்லி வைத்துவிடும் தொண்டரோடு எனக்குச் சண்டை இல்லை. மறுத்தாலும் கேட்கக் காதில்லாத ஒலிப்பதிவு அப்படிப்பட்டதன்று. ஒன்று மட்டும் செய்யுங்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி, தொகுதியின் எல்லா பூத் கமிட்டிகளுக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் வேட்பாளர் பெயரில் அந்த வீடுகளுக்கு மறுபடியும் அழைப்பு போகக் கூடாது. பெரிய கட்சிகள் செய்யாத இதை நீங்கள் செய்தால், அதைத் துண்டறிக்கையிலேயே அச்சிட்டு வாக்கு கேட்கலாம்.