ஒரே மீட்டர், இரண்டு குடித்தனம்: கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: என் வீட்டின் இரண்டு தளங்களையும் இரு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மின்சாரத்துக்கு ஒரே மீட்டர், தண்ணீருக்கு ஒரே மோட்டார். கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்து வாங்கிவந்தேன். கீழ்த்தளத்தில் இருவர்தான், மேல்தளத்தில் ஐந்து பேர். “அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?” என்று கீழ்வீட்டார் கேட்கிறார்கள். சண்டை வேண்டாமே என்று நானே ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறேன். வாடகை ஒழுங்காக வந்தும் வருடக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: கீழ்வீட்டார் கேட்பது நியாயம், சகோதரி. ஆனால் அந்தக் குறையை உங்கள் கைப்பணத்தால் அடைப்பது தீர்வாகாது. நீங்கள் கட்டுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு, விளக்கை அணைக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வராது.

முதல் வேலையாக, தகுதியுள்ள மின்பணியாளரை வைத்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு துணை மீட்டர் பொருத்துங்கள். பிரதான மீட்டரில் கணக்கெடுக்கும் அன்றே, இரு வீட்டாரையும் அருகில் வைத்துக்கொண்டு மூன்று மீட்டர்களையும் படித்துப் புகைப்படம் எடுத்து இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கீழே 120 யூனிட், மேலே 210 யூனிட், பிரதான மீட்டரில் 347 என்று வைத்துக்கொள்வோம். மீதி 17 யூனிட் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் போனது. மோட்டார் ஒரு குதிரைத்திறன் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அது 746 வாட்; ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். தினமும் அரை மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட் ஆகிவிடும். மாடிப்படி விளக்கைச் சரிபாதியாகவும், மோட்டார் செலவை ஆள் கணக்கிலும் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீர் செலவாவது ஆட்களைப் பொறுத்துத்தானே!

மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரி விலையை எல்லாருக்கும் ஒன்றுபோல் போடுங்கள். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில், சில வீட்டுக்காரர்கள் உச்சப் படியின் விலையை எல்லா யூனிட்டுக்கும் வசூலிக்கிறார்கள். வந்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது தவறு. குடியிருப்பவர் ஒரு நாள் ரசீதைக் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதோடு, இரு வீட்டுப் பயன்பாடும் ஒரே மீட்டரில் சேர்வதால் இருவருமே மேல்படிக்குத் தள்ளப்படுகிறார்கள். முடிந்தால் தனித்தனி இணைப்புக்கே விண்ணப்பியுங்கள்.

அந்த மீதி யூனிட்டை மாதாமாதம் கவனியுங்கள். 17 திடீரென்று 40 ஆனால், பெரும்பாலும் தண்ணீர் எங்கோ வீணாகி மோட்டார் கூடுதலாக ஓடுகிறது என்று பொருள். முதலில் கழிப்பறைத் தொட்டியைச் சந்தேகியுங்கள். அதன் கசிவு சத்தமே இல்லாமல் நடக்கும். தொட்டி நீரில் சில துளி உணவு நிறமியை விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பானை மாற்ற வேண்டும். அது உங்கள் செலவு, தயங்காமல் செய்துவிடுங்கள்.

வாடகை மிஞ்சாததற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன்: வாடகையும் குடும்பச் செலவும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்துகிடப்பது. வீட்டுக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். சொத்து வரி, காப்பீடு, வெள்ளையடிப்பு, பழுது எல்லாம் அதிலிருந்தே போகட்டும். பன்னிரண்டு மாத வாடகையில் ஒரு மாத வாடகையாவது பழுதுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பழைய வீடென்றால் அதுவும் போதாது. முன்பணத்தைத் தொடவே கூடாது. அது திருப்பித் தர வேண்டிய கடன், வருமானம் இல்லை. ரசீதுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். வருமான வரிக் கணக்கின்போது உதவும்.

கட்டணம் தாமதமானால் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டம் இல்லாவிட்டாலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யத்தக்க காரியமில்லை.

புதிய கணக்கீட்டு முறையை இரு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து விளக்கி, எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதையே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். பழைய மாதங்களுக்கு நீங்கள் கட்டிய பணத்தை இப்போது திருப்பிக் கேட்க வேண்டாம்.